முப்பத்தோரு வரப்பின் புல்

ஒரு மனுசனைப் பொய்யன் என்று எழுதிவைக்க இரண்டு வரி போதும். போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த தீவனப் புல் பண்ணை 1978-ல் ஒரு ரிப்போர்ட்டு போட்டது. அதில் பதினேழாம் பக்கத்தில் அந்த இரண்டு வரி இங்கிலீசில் இருக்கிறது. 'அடிவாரத்து ஊர்களில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட நாற்பது புல் மாதிரிகளில் முப்பத்தொன்று ஒரே இடத்தில் பிடுங்கப்பட்டவை. சேகரித்தவர் நம்பத்தக்கவர் அல்ல என்பதால் அவை நீக்கப்பட்டன.' பண்ணையில் ஜீப்பு ஓட்டிய காசிமாயன் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆபீஸ் கிளார்க்கைப் பிடித்து உட்காரவைத்து, அந்த வரிகளைத் தமிழில் சொல்லச்சொல்லி மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் அதேதான் வந்தது. அன்றைக்கு ஏறிய கோபம் வருஷக்கணக்கில் இறங்காமல் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அந்த வரிகளில் பேர் கிடையாது. 'சேகரித்தவர்' என்று மட்டும்தான். பேரைப் போட்டுத் திட்டியிருந்தாலும் அப்படி ஒரு ஆள் இருந்தான் என்றாவது ஆகியிருக்கும். அவன் பேர் சீனிச்சாமி. சிலமலைக்காரன். காசிமாயனுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு.

சீனிச்சாமிக்கு அப்பன் விட்டுப்போனது ஒன்றேகால் குறுக்கம் மானாவாரிப் புஞ்சை. படிப்பு மூணாப்பு. தேவாரத்தில் பொண்ணெடுத்தான். மொக்கம்மாள் ஒரு கிடாரிக் கன்றையும் பிடித்துக்கொண்டு சிலமலைக்கு வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் இரண்டும் ஆம்பளைப் பயல்கள். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் களை வெட்டும் கூலியாகப் பண்ணைக்குள் நுழைந்தவன், அப்படியே அங்கேயே ஒன்பது வருஷம் கிடந்தான்.

அவனிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். பாத்தி பாத்தியாகப் புல் வைத்திருக்கும் பண்ணையில் எந்தப் பாத்தியில் எந்தப் புல் என்பதுதான் பெரிய சோலி. சீட்டு மாறிவிட்டால் வருஷத்து உழைப்பு மண்ணோடு போகும். சீனிச்சாமி தகரத்தை வெட்டி, ஆணியால் நம்பரைக் குத்தி, ஒவ்வொரு தூருக்கும் கட்டிவைப்பான். சாயந்தரம் எல்லோரும் கைகால் கழுவிக் கிளம்பும்போது, இவன் மட்டும் குனிந்து குனிந்து நம்பரைச் சரிபார்த்துக்கொண்டு வருவான்.

"என்ன மாப்ளே, புல்லு ஓடிக்கீடிப் போயிருச்சா? எண்ணிக்கிட்டே இருக்கே?" என்று காசிமாயன் ஜீப்பிலிருந்து சத்தம் கொடுப்பான்.

"ஓடாதுண்ணே. ஆனா மாறிக்கிரும்."

"மாறுனா மாடு திங்காதாக்கும்?"

"மாடு திங்கும். நமக்குத்தான் சோறு எறங்காது."

இப்படிப்பட்ட ஆளைத்தான் அந்த ரிப்போர்ட்டு நம்பத்தக்கவன் அல்ல என்றது.

ராஜாராம் சார் எழுபத்தாறில் வந்தார். கெட்ட மனுசர் கிடையாது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கூலியாளையும் 'வாங்க, போங்க' என்று பேசுவார். அவருக்கு வந்த சோலி, இந்த மலைச்சரிவிலும் அடிவாரத்திலும் கிடக்கும் கொழுக்கட்டைப் புல்லில் எத்தனை குலம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. மழை இல்லாத சீமையில் மாட்டைக் காப்பாற்றுகிற புல் அது. எல்லாம் ஒரே குலமாக இருந்தால் ஒரு நோய் வந்தாலும் மொத்தமாகப் போய்விடும். பல குலமாக இருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். நல்ல குலமாகப் பார்த்துப் பெருக்கவும் செய்யலாம்.

"பாக்க எல்லாம் ஒண்ணாத்தானேய்யா இருக்கு?" என்று சீனிச்சாமி கேட்டான்.

"கண்ணுக்குத்தாங்க ஒண்ணு. உள்ளே இருக்கிற சாறு வேற. அதைப் பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்," என்றார் ராஜாராம்.

அறுபத்துநாலு இடத்திலிருந்து தூரோடு புல் வேண்டும் என்றார். போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருபத்துநாலு இடம், அடிவாரத்தில் நாற்பது ஊர். எடுக்கிற பொறுப்பு சீனிச்சாமிக்கு. ஒழுங்காக முடித்துக்கொடுத்தால் ஏப்ரலில் அவனை நிரந்தரம் ஆக்க எழுதுகிறேன் என்று சொன்னார். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி ரிஜிஸ்டரில் கைநாட்டு வைத்தவனுக்கு அந்தச் சொல் போதாதா? மூணாப்புப் படிப்பைத் தூசி தட்டி, கையெழுத்துப் போடப் பழகினான்.

எழுபத்தேழு கார்த்திகையில் அடைமழை ஓய்ந்ததும் கிளம்பினார்கள். முதலில் மலைப்பாதை. ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் காசிமாயன் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டுத் தானும் இறங்குவான். சரிவு வழுக்கும், ஆகவே சீனிச்சாமியின் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைக் காசிமாயன் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இருபத்துநாலு தூரையும் காசிமாயன் கண்ணெதிரேதான் சீனிச்சாமி பிடுங்கினான்.

அடிவாரத்து ஊர்களில் அந்தச் சிரமம் இல்லை. ஊர் முகப்பில் ஜீப்பு நிற்கும். சீனிச்சாமி ஈரச்சாக்கையும் களைக்கொத்தையும் எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போவான். காசிமாயன் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பான், நாட்டு நடப்பைப் பேசுவான், இல்லையென்றால் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்குவான். வரப்புச் சேற்றில் நடந்தால் செருப்பு வார் அறுந்துபோகும் என்று ஒரு சாக்கு வைத்திருந்தான். நாற்பது ஊரில் ஓர் ஊரில்கூட அவன் வயலுக்குப் போகவில்லை. தேவாரத்தில் மட்டும், ரோட்டை ஒட்டின புஞ்சை என்பதால், சீனிச்சாமி பேசுவது காதில் விழுந்தது.

புல் எடுக்கும் இடத்தில் ஒரு பாரமும் நிரப்பவேண்டும். இந்தப் புல் தானாக முளைத்ததா, யாராவது நட்டதா என்று அதில் ஒரு கேள்வி. புஞ்சைக்காரி கருத்தம்மாளிடம் சீனிச்சாமி அதைக் கேட்டான்.

"ஏத்தா, வரப்புல நிக்கிற இந்தப் புல்லு யாரு வச்சது?"

"புல்லை யாராச்சும் வைப்பாகளாக்கும்? தானா மொளைச்சது."

"எத்தனை வருசமா நிக்கிது?"

"நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து நிக்கிது. ஏன், இனி கவருமெண்டுல புல்லுக்கும் வரி போடப்போறாகளா?"

"வரி எல்லாம் இல்லத்தா. எந்தக் குலமுன்னு பாக்கணுமாம்."

"அது சரி. மனுசருக்குக் குலம் பாத்தது போதாதுன்னு புல்லுக்கு வந்துட்டீகளா!"

டீக்கடையே சிரித்தது. சீனிச்சாமி சிரிக்காமல் 'தானாக முளைத்தது' என்று எழுதிக்கொண்டான். கேட்ட ஊரிலெல்லாம் பொம்பளைகள் சொன்னது அந்த ஒரே பதில்தான். எல்லாப் பாரத்திலும் அவன் எழுதியதும் அதுதான்.

தூர்களைப் பண்ணையில் தொட்டி வைத்து வளர்த்து, இளந்தளிராகக் கிள்ளி, ஐஸ் பெட்டியில் வைத்து மதுரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவது காசிமாயன் வேலை. சூடு பட்டால் சாறு கெட்டுப்போகும். போடி ஐஸ் பேக்டரியில் கட்டி வாங்கி, மரத்தூள் போட்டு, வழியில் எங்கும் நிற்காமல் விரட்டிக்கொண்டு போவான். மலைப்பாதைப் புல்லைக் கொண்டுபோன நடையில் ராஜாராம் சீனிச்சாமியையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார். "நீங்க எடுத்ததை நீங்க பாக்க வேணாமா?" என்றார்.

இலையை ஐஸ் மேல் வைத்த சின்ன உரலில் அரைத்தார்கள். சாற்றில் காகிதத் துணுக்கை நனைத்து, கூழ் ஆறிக் கட்டியான மாதிரி இருந்த ஒரு பலகையில் வரிசையாகச் செருகினார்கள். அதற்குள் மணிக்கணக்கில் கரண்டு ஓடியது. பிறகு அதை மெல்லிசாகச் சீவி ஒரு மருந்துத் தண்ணீரில் போட்டுத் தட்டை ஆட்டினார்கள். ஒன்றுமே இல்லாத வெள்ளைப் பலகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கருஞ்சிவப்புக் கோடுகள் எழும்பி வந்தன. ஒரு புல்லுக்கு மூன்று கோடு. பக்கத்துப் புல்லுக்கு இரண்டு. ஒன்றில் கோடு மேலே, ஒன்றில் கீழே.

"சேலைக்கரை மாதிரியில்ல இருக்கு!" என்றான் சீனிச்சாமி.

"அதேதாங்க. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கரை. வெளியே பாத்தா தெரியாது, இது பொய் சொல்லாது," என்றார் ராஜாராம்.

இருபத்துநாலு புல்லில் பத்தொன்பது தினுசுக் கரை விழுந்திருந்தது. ராஜாராம் சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது உசிலம்பட்டி வரைக்கும் சீனிச்சாமி வாய் ஓயவில்லை. எந்த வளைவில் எடுத்தது எந்தக் கரை என்று நம்பர் நம்பராகச் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் அவ்வளவு பேசிக் காசிமாயன் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மாசியில் அடிவாரத்து நாற்பதும் போனது. ஒன்பது புல் வெவ்வேறு கரை. மற்ற முப்பத்தொன்றும் ஒரே கரை. ராஜாராம் நம்பாமல் மருந்தை மாற்றினார், பலகையை மாற்றினார், திரும்ப ஓட்டினார். வேறு சாறு, வேறு கரை என்று நான்கு விதமாகப் பார்த்தார். நான்கிலும் அந்த முப்பத்தொன்றும் ஒரு துளிகூட விலகாமல் ஒரே மாதிரி நின்றன.

அவர் கணக்கு என்ன என்பது காசிமாயனுக்கு இப்போது புரிகிறது. முப்பத்தோரு ஊரில் தானாக முளைத்த புல், ஊருக்கு ஊர் கொஞ்சமாவது மாறித்தான் இருக்கும். மலைமேல் மாறியிருக்கிறதே! அப்படி அச்சு மாறாமல் இருக்கிறது என்றால் ஒரே தூரைக் கிழித்து முப்பத்தோரு பொட்டலம் கட்டினால்தான் உண்டு. நட்ட புல்லாகவும் இருக்க வழியில்லை. சீனிச்சாமியே தானாக முளைத்தது என்றல்லவா எழுதியிருக்கிறான்.

ராஜாராம் அவனைப் பண்ணை ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். காசிமாயன் வாசல்படியில் நின்றான்.

"நாப்பது ஊருக்கும் போனீங்களா?"

"போனேன்யா."

"புடுங்கினது எங்கே?"

"அங்கங்கேதான்யா."

"அப்புறம் எப்படி எல்லாம் ஒரே புல்லா இருக்கு?"

சீனிச்சாமி கொஞ்ச நேரம் யோசித்தான். "அது எனக்கெப்படித் தெரியும்யா? புல்லைத்தான் கேக்கணும்," என்றான். நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னான். கேட்டவருக்கு அது திமிராகப் பட்டது. முகம் சிவந்துபோய் வாசல் பக்கம் திரும்பினார்.

"காசிமாயன், நீங்கதானே கூடப் போனது? ஒவ்வொரு ஊர்லயும் இவர் புடுங்கினதை உங்க கண்ணால பாத்தீங்களா?"

காசிமாயன் முரட்டு ஆள், ஆனால் பொய் வாயில் வராது. அதில் அவனுக்கு ஒரு வீம்பும் உண்டு. "மலையில பாத்தேன்யா. ஊருக்குள்ள நான் ஜீப்புல இருந்தேன். பாக்கலை," என்றான்.

அந்த ஒரு சொல்லில் முடிந்துபோனது. பார்த்த இடத்தில் வேறுவேறு புல், பார்க்காத இடத்தில் ஒரே புல். வேறென்ன சாட்சி வேண்டும்? சீனிச்சாமி திரும்பிக் காசிமாயனைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. 'ஆமாம், நீ ஜீப்பில்தானே இருந்தாய்' என்று ஒத்துக்கொள்வதுபோலத் தலையை ஆட்டினான்.

"ஒரே ஒரு தடவை என்கூட வாங்கய்யா. ஒவ்வொரு வரப்பா காட்டுறேன். புடுங்கின குழி இன்னும் கெடக்கும்," என்று கெஞ்சினான்.

"மார்ச்சு முடியப்போகுதுங்க. ரிப்போர்ட்டு போயாகணும். ஒரு வருஷ வேலையைக் கெடுத்துட்டீங்க," என்று ராஜாராம் நோட்டை மூடினார். குரல் உயரவில்லை. மே மாதம் அவரே கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

ஏப்ரலில் நிரந்தரம் வரவில்லை. தினக்கூலிப் பேரும் போனது. ஊர் டீக்கடையில் விஷயம் கசிந்து, "என்ன சீனி, ஒரே வரப்புல நாப்பது ஊரை முடிச்சுட்டியாமே? காலு வலிக்காத சோலிதான்!" என்று நையாண்டி பண்ணினார்கள். வீட்டில் அவன் சொன்னது, "சோலி போச்சு, நான் சொன்னது பொய்யிங்கிறாக," அவ்வளவுதான். என்ன பொய், எந்தப் பொய் என்று மொக்கம்மாள் கேட்டதற்கு, ஆபீஸ் விவகாரம் உனக்கெதுக்கு என்று வாயை அடைத்துவிட்டான். மாட்டுக்குப் புல் அறுக்கக்கூட வரப்புக்குப் போகமாட்டான். அந்தப் புல்லைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டது. வருஷக் கடைசியில் பசுவை விற்றான், வீட்டைப் பூட்டினான், பெண்டாட்டி பிள்ளைகளோடு மெட்டுக்கு அந்தப்புறம், கேரளத்தில் ஒரு ஏலத்தோட்டத்துக்குப் போனான்.

காசிமாயனும் பண்ணையை விட்டான். மெட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டினான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சீனிச்சாமி அந்த ஜீப்பில்தான் இறங்குவான், ஏறுவான். முன்சீட்டில் இடம் வைத்திருந்தாலும் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான். "நல்லாருக்கியா மாப்ளே?" என்றால் "இருக்கேண்ணே," என்பான். வருஷத்துக்கு வருஷம் ஆள் சுருங்கிக்கொண்டே வந்தான். தோட்டத்துக் குளிர் நெஞ்சில் இறங்கி, இருமல் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. அவனுக்கு நிரந்தரமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

எட்டு வருஷம் இப்படி ஓடியது. எண்பத்தாறு ஆவணியில் காசிமாயன் தன் மகள் பொன்னுமணியைத் தேவாரத்தில் கட்டிக்கொடுத்தான். மறுவீடு முடிந்து புருஷன் வீட்டுக்கு அவனே ஜீப்பில் கொண்டுபோய் விட்டான். சீதனமாகக் கொடுத்த பசு ஒரு ஆளோடு முன்னாடியே நடந்து போயிருந்தது. பின்சீட்டில் மகளும் பெண்டாட்டி ஆயம்மாளும் பாத்திரங்களும். சங்கராபுரம் தாண்டி ஒரு பள்ளத்தில் ஜீப்பு குதித்ததில் நெல் வைத்த குடம் உருண்டு, உள்ளிருந்து ஈரத்துணி மூட்டை ஒன்று வெளியே விழுந்தது. காசிமாயன் திரும்பிப் பார்த்தான். துணி அவிழ்ந்து, வேரோடு ஒரு பிடி கொழுக்கட்டைப் புல் கிடந்தது.

"என்னத்தா இது குப்பை? நெல்லுக்குள்ள சேத்தோட?"

பொன்னுமணி தலையைக் குனிந்துகொண்டாள். ஆயம்மாள் சட்டென்று முந்தானையைப் போட்டு மூடினாள். "நீ ரோட்டைப் பாத்து ஓட்டு!"

"கேக்குறேன்ல?"

"கெடுத்தியே, பாத்துட்டியே! ஆம்பளைக கண்ணு படப்புடாது. இனி அது தழைச்ச மாதிரிதான்," என்று ஆயம்மாள் நிஜமாகவே கண்ணைக் கசக்கினாள்.

காசிமாயன் ஜீப்பை ஓரங்கட்டினான். மிரட்டியும் கெஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினான். வாக்கப்பட்டுப் போகிற பொண்ணு, போகிற அன்றைக்குக் காலையில் தாய்வீட்டு வரப்பில் ஒரு தூரைக் களவாண்டு எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டும் வாங்கக்கூடாது, கொடுத்தும் வாங்கக்கூடாது. கூடப் போகிற பசு ஏங்காமல் இருக்க அதன் பழைய புல் வேண்டுமாம். புருஷன் வீட்டு வரப்பில் யாருக்கும் தெரியாமல் நட்டுவிட வேண்டும். எவர் கேட்டாலும் தானா மொளைச்சது என்றுதான் சொல்லவேண்டும். களவைச் சொல்லிவிட்டால் புல்லும் கருகும், பசுவும் வத்திப்போகும்.

"நீயும் கொண்டாந்தியா?"

"பின்னே? எங்காத்தா வரப்புல இருந்து. எங்காத்தா அவுகாத்தா வரப்புல இருந்து."

"ஊர்ல எல்லாப் பொம்பளையுமா?"

"இந்த வட்டாரத்துல பொண்ணு குடுத்து எடுக்குற அம்புட்டு ஊர்லயும்தான். இது என்ன பெரிய ராமாயணமா? எதுக்கு இப்படி முழிக்கிறே?"

காசிமாயன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். ஒரு வரப்புப் புல் பொண்ணுகளின் கையோடு ஊர் ஊராக வாக்கப்பட்டுப் போயிருக்கிறது. முப்பத்தோரு ஊரிலும் நிற்பது ஒரே தூர்தான். சீனிச்சாமி சொன்னதும் நிஜம், பலகையில் விழுந்த கரையும் நிஜம். "வெரசா எடு, நல்ல நேரம் போகுது," என்று ஆயம்மாள் முதுகில் குத்திய பிறகுதான் கியரைப் போட்டான்.

அந்த ஆவணியில் போயிருக்கவேண்டும். கல்யாணச் சோலி, புரட்டாசி, ஜீப்பு இன்ஜின் வேலை என்று இழுத்துக்கொண்டே போய், மார்கழி பிறந்துதான் தோட்டத்துக்குப் போனான். நிஜத்தைச் சொன்னால், தன் வாயிலிருந்து வந்த 'பாக்கலை' என்ற சொல்லும் கூடவே ஏறி வருமே என்று பயந்தான்.

சீனிச்சாமி லயத்து அறையில் சாக்குக் கட்டிலில் கிடந்தான். சுவரெல்லாம் ஈரம் கசிந்தது. மொக்கம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "ரெண்டு மாசமா எந்திரிக்கலண்ணே. மலையாளத்துக் கங்காணி வந்து 'மதி, ரெஸ்ட் எடுக்கு', வேலை பாத்தது போதும்னுட்டுப் போனாரு. பயக ரெண்டும் காய் எடுக்கப் போயிருக்கானுக," என்றாள்.

காசிமாயன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குடம் உருண்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். சீனிச்சாமி கண்ணை மூடியே கேட்டான். தூங்கிவிட்டானோ என்று காசிமாயன் நிறுத்தியபோது உதடு அசைந்தது.

"அந்த ஒம்பது," என்றான்.

"எந்த ஒம்பது?"

"வேற கரை விழுந்த ஒம்பது. மூணு சுடுகாட்டு மேடு. நாலு கம்மாக்கரை. ரெண்டு ரயில் தண்டவாளத்தோரம். புஞ்சையில எனக்குப் புல்லு ஆம்புடாத ஊரு." மூச்சு வாங்கியது. "முப்பத்தொண்ணும் வரப்புண்ணே. பொறம்போக்குல எந்தப் பொண்ணு கொண்டுபோயி வைப்பா?"

எட்டு வருஷம் கழித்தும் ஒரு நம்பர் அவனுக்கு மாறவில்லை.

அடுப்படியில் ஊதும் சத்தம் நின்றிருந்தது. மொக்கம்மாள் ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "இதுக்காகவா சோலிய விட்டு நிப்பாட்டுனாக?" என்றாள். குழலைக் கீழே வைத்தாள். "நானும்தான் தேவாரத்துல இருந்து கொண்டாந்தேன்."

"எங்க வச்சே?" என்றான் சீனிச்சாமி.

"நம்ம வடக்கு வரப்புல."

அவன் கண்ணைத் திறந்தான். "அதுதான் அடிவாரத்துல ஒண்ணாம் நம்பரு. மொதப் பொட்டலம் நம்ம புஞ்சையில எடுத்தேன்." சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. மொக்கம்மாள் ஓடிவந்து நெஞ்சை நீவிவிட்டாள்.

"ஏண்டி சொல்லலே?"

"நீ கேக்கலையே. என்ன பொய்யின்னு நான் கேட்டதுக்கு நீ சொன்னியா?" என்றவள், போர்வையை அவன்மேல் இழுத்துவிட்டு, "கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பசு வத்திப்போகும்னு பயம்," என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

காசிமாயனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நான் அன்னைக்குப் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ இங்க வந்து கெடப்பியா மாப்ளே? டீக்கடையில ஒக்காந்து பேப்பரு பாத்தேனே, பாவி!"

"பாக்காததைப் பாத்தேன்னு எப்படிண்ணே சொல்றது? அப்புறம் நெசமாவே ஒரு பொய்க்காரன் இருந்திருப்பான்," என்றான் சீனிச்சாமி.

காசிமாயன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கோயம்புத்தூருக்கே போய் ராஜாராம் சட்டையைப் பிடித்து, அந்த ரிப்போர்ட்டைக் கிழித்து மூஞ்சியில் எறிந்துவிட்டு வருகிறேன் என்று கத்தினான். அடுத்த லயத்துக்காரி எட்டிப் பார்த்தாள். சீனிச்சாமி கையை அசைத்து உட்காரச் சொன்னான். காசிமாயன் உட்காரவில்லை. கீழே ஜீப்பில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று வாசல்வரைக்கும் போய்விட்டான்.

சீனிச்சாமியை அவன் உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி. தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். தோட்டத்துக்கு மேலே சரிவில்தான் புதைத்தார்கள். பனியில் மலைப்பாதை அடைத்துக் கிடந்ததால் காசிமாயன் போய்ச் சேர்ந்தபோது மண்ணைத் தள்ளி முடித்திருந்தார்கள்.

கடைசியாகப் பார்த்த அன்றைக்கு, வாசலில் கால் வைத்த காசிமாயனைச் சீனிச்சாமி, "அண்ணே," என்று கூப்பிட்டான். குரல் கம்மிப்போய்க் காற்றாக வந்தது. காசிமாயன் திரும்பவந்து குனிந்து காதைக் கொடுத்தான்.

"அந்தய்யாகிட்ட போனா சண்டை போடாதே. முப்பத்தொண்ணும் ஒரே புல்லுன்னு அவரு பாத்தது சரிதான்னு மொதல்ல சொல்லு. பெறகு, நான் முப்பத்தோரு ஊருக்கும் போயித்தான் எடுத்தேன்னு சொல்லு. ரெண்டையும் சொல்லணும். ஒண்ணை மட்டும் சொல்லிட்டு வந்துராதே."